குடியை விட்ட மதுரைக்காரருக்கு: முதல் மூன்று மாத வழிகாட்டி

மதுரைப் பக்கம் குடிக்கிறவர்களில் ஒரு தடவையாவது நிறுத்திப் பார்க்காதவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஐயப்பனுக்கு மாலை போட்டு நிறுத்தியிருப்பார், பழனிக்கு நடந்தபோது நிறுத்தியிருப்பார், பாண்டி கோயிலில் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்திருப்பார், பிள்ளை தலையில் கை வைத்திருப்பார். நிறுத்துவது நம் ஆட்களுக்குப் பழக்கமான வேலைதான். நிறுத்திய அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அதற்குத்தான். வைராக்கியத்தைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. காலை பத்து மணிக்கு எல்லோரிடமும் வைராக்கியம் தாராளமாக இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. குடியை விட்டவன், விடப் பார்க்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவன். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

முதலில் உடம்பு

எப்போதாவது குடிக்கிறவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தினமும் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் தேவைப்படுகிறவர் கட்டாயம் படிக்க வேண்டும்.

பல வருஷம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் முரண்டு பிடிக்கும். கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். பூச்சி ஊர்கிறது என்று சுவரைத் தட்டுவார்கள். கொத்தனார் காற்றிலே பூசுவார், பஸ் ஓட்டுகிறவர் படுக்கையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்புவார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவருக்கு மூன்றாம் நாள் இப்படி ஆனால் வீட்டில் சாமி குத்தம் என்று நினைத்துக் குறி கேட்கப் போகிறார்கள். சாமி குத்தமெல்லாம் இல்லை. உயிரை எடுக்கக்கூடிய நிலை அது. 108-ஐக் கூப்பிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதனால் தினமும் குடிப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது. கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்த நாளில் வருகிறார் என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம். 'மனநலம்' என்ற போர்டைப் பார்த்துத் தயங்கித் திரும்பி வந்தவர்கள் நிறைய. அந்த வரிசையில் பாதிப் பேர் நம்மைப் போன்ற கேஸ்தான்.

டாக்டர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்பார். "கொஞ்சம்தான் சார்" என்று சொல்லிவிடாதீர்கள். குவார்ட்டர் கணக்கில் சொல்லுங்கள். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். அப்படியென்றால் ஒரே ஒரு குவார்ட்டர் உடம்பை விட்டுப் போக ஆறிலிருந்து எட்டரை மணி நேரம் ஆகிறது. நீங்கள் சொல்லும் அளவை வைத்துத்தான் நடுக்கத்துக்கான மாத்திரையை எத்தனை நாளில் எப்படிக் குறைப்பது என்று அவர் முடிவு செய்வார். அளவைக் குறைத்துச் சொன்னால் மாத்திரையும் குறைந்துவிடும், வலிப்பு வரும்.

இரண்டு எச்சரிக்கை. தெருமுனை கிளினிக்கில் "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, சரியாகிடும்" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நாள்பட்டுக் குடித்த உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். தயமின் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடிக்கிறவர் என்பதை அந்த கிளினிக்கிலும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்தது, நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை நல்ல தூக்கம் தருகிறது என்று மெடிக்கலில் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடாதீர்கள். அதுவும் பழக்கமாகிவிடும்.

உள்ளே சேர்த்து மருத்துவம் பார்க்கும் இடம் தேவைப்பட்டால், பதிவுபெற்ற மையமா, டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், வீட்டார் பார்க்கலாமா, போனில் பேசலாமா என்று கேளுங்கள். ராத்திரியில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப் போகிறோம் என்று பேரம் பேசும் இடம் வேண்டவே வேண்டாம். 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது.

ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை

உடம்பு ஒரு வாரம், பத்து நாளில் ஓரளவு தெளிந்துவிடும். பிறகு வருவதுதான் நீளமான பகுதி.

டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது. பகலில் வேலைக்குப் போகிறவருக்கு ஆபத்தான நேரம் ஆறிலிருந்து பத்து. நாலு மணி நேரம்தான். ஆனால் பத்து, பதினைந்து வருஷமாக அந்த நாலு மணி நேரத்தைக் கடைதான் நடத்திக்கொண்டிருந்தது. இப்போது அதை நீங்கள் நடத்த வேண்டும்.

ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிடுங்கள். டீயும் வடையும் போதாது. வயிறு நிறைய நாலு இட்லி, தோசை, ஏதாவது. காலி வயிறும் சரக்கு ஆசையும் சேர்ந்தே வரும். கடைக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவதில்லை, கவனித்திருப்பீர்கள். முதல் வாரங்களில் இனிப்பு மேல் ஆசை வருவது சகஜம். சர்க்கரை வியாதி இல்லையென்றால் கடலைமிட்டாயோ பருத்திப்பாலோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தொப்பையைப் பற்றி மூன்று மாதம் கழித்துக் கவலைப்படலாம்.

வழியை மாற்றுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பாதையில் கடை இருந்தால் இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி வேறு தெருவில் நடங்கள். வண்டியில் வருகிறவர் சுற்றிப் போங்கள். பத்து ரூபாய் பெட்ரோல் கூடுதலாக ஆகட்டும். "நான் கடையைத் தாண்டிப் போவேன், உள்ளே போக மாட்டேன்" என்பது முதல் மாதத்தில் தேவையில்லாத வீரம்.

எங்கே போவது? உடனே வீட்டுக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்தால் ஏழு மணிக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடும். கொஞ்ச நாளைக்கு வெளியில் இருப்பது நல்லது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் ஊரே நடக்கிறது, நீங்களும் நடக்கலாம். ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது. சாமி கும்பிடுகிறவர் மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் போய் உட்காரலாம். அங்கே இரண்டு வசதி. பள்ளியறை பூஜை முடிந்து நடை சாத்தும் நேரமும் கடை மூடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் எந்தப் பங்காளியும் "எங்கடா இருக்க?" என்று கூப்பிட முடியாது. கோயில் வேண்டாம் என்பவருக்குப் பக்கத்து ஜிம், ஷட்டில் கோர்ட், பிள்ளையின் டியூஷன் வாசல் எதுவும் சரிதான். சாயங்காலம் பார்ட்டைம் வேலை கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்படியும் ஆசை வரும். ஒரு நிமிஷத்தில் தலைக்கேறும், இப்போதே போகாவிட்டால் செத்துவிடுவோம் போல இருக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்பதை முன்னாலேயே தீர்மானித்துவிடுங்கள். ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது, ஒருவருக்குப் போன் போடுவது. யாருக்குப் போன் போடுவது என்பதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அண்ணனோ மச்சானோ யாராக இருந்தாலும், அறிவுரை சொல்லாத ஆளாகப் பாருங்கள். யாரும் கிடைக்காத ராத்திரிக்கு 14446, போதை மீட்புக்கான இலவச எண். மனசு ரொம்பக் கீழே இறங்கி, வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றினால் 14416, டெலி மானஸ், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். நிறுத்திய புதிதில் இப்படித் தோன்றுவது அபூர்வம் இல்லை. வெட்கப்பட்டு உள்ளேயே வைத்திருக்காதீர்கள்.

சோடா விஷயம் ஒன்று. சரக்குக்குப் பதிலாக பவண்டோவோ கோலி சோடாவோ குடிக்கச் சொல்வார்கள். நீங்கள் சரக்கில் எதைக் கலந்து குடித்தீர்களோ அதை மட்டும் தொடாதீர்கள். வாய் மீதியைக் கேட்கும். மிக்சர், ஊறுகாய் மட்டை, அவித்த முட்டை என்று அவரவர் சைடு டிஷ்ஷுக்கும் இதே சட்டம்தான்.

சனிக்கிழமைச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

கொத்தனார், பெயிண்டர், லோடுமேன் என்று வாரக்கூலி வாங்குகிறவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் பரீட்சை. கையில் காசு, உடம்பில் அசதி, கூடவே சேக்காளிகள். முதல் மூன்று மாதம் கூலியை வீட்டம்மா கணக்குக்கு நேரடியாகப் போடச் சொல்லுங்கள். போனில் இருக்கும் ஜிபே-யும் பர்ஸ்தான் என்பதை மறக்க வேண்டாம். பஸ்ஸுக்கும் டீக்கும் வேண்டியது மட்டும் கையில் இருந்தால் போதும். இதைக் கட்டளையாக மனைவி சொல்வதைவிட நீங்களே கேட்டுச் செய்தால் வீட்டில் சண்டை வராது.

"உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்" என்பது பாதி உண்மை. மூட்டை தூக்கியவருக்கு வலி இருக்கத்தான் செய்யும். சுடுதண்ணீரில் குளியுங்கள், சீக்கிரம் படுங்கள், தொடர்ந்து வலித்தால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்கும் பழக்கம் வேண்டாம். குடித்த வயிறும் ஈரலும் அதைத் தாங்காது.

ஞாயிறு வேறு மாதிரி. காலையில் கறிக்கடை வரிசை, பதினோரு மணிக்குக் குழம்பு வாசம், பன்னிரண்டுக்குக் கடை திறப்பு. மூன்றும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டவை. கொஞ்ச நாளைக்குக் கறியை ராத்திரிக்கு மாற்றுங்கள், அல்லது புதன்கிழமைக்கு. ஞாயிறு மதியம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்னிக்குப் போகலாம். புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போகலாம். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, செலவில்லை.

காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், திருவள்ளுவர் தினம் மாதிரி கடை மூடும் நாட்கள் சுலபம் என்று நினைக்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் பிரச்சினை. ஊரே வாங்கி வைக்கும், உங்களுக்கும் சேர்த்து.

விசேஷ வீடும் கேத வீடும்

நம் பக்கத்தில் செய்முறை இல்லாமல் வாழ்க்கை இல்லை. காதுகுத்து, வசந்த விழா, கிடாவெட்டு, எதற்கும் போகாமல் இருக்க முடியாது. முதல் மாதம் முடிந்தவரை வீட்டாரை அனுப்புங்கள். நீங்களே போக வேண்டியிருந்தால் சீக்கிரம் போங்கள். மொய் எழுதி, முதல் பந்தியில் சாப்பிட்டு, வண்டியை எடுத்துவிடுங்கள். மண்டபத்துக்குப் பின்னால் கார் நிற்கும் பக்கம் போகவே போகாதீர்கள். அங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கூப்பிடுகிற மாமாவிடம் என்ன சொல்வது? "நான் விட்டுட்டேன் மாமா" என்று சொன்னால் அது சவாலாகிவிடும். "எத்தனை நாளைக்குன்னு பாப்போம் மாப்ள" என்று கையில் டம்ளரைத் திணிப்பார். "மாத்திரை சாப்பிடுறேன் மாமா, இது பட்டா ஆஸ்பத்திரிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது பொய்யும் இல்லை. விளக்கம் நீளக் கூடாது. மூன்றாவது வாக்கியம் பேசினால் வாதம் ஆரம்பித்துவிடும். கூடவே குடிக்காத ஒரு மைத்துனரையோ சித்தப்பாவையோ ஒட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கேத வீடு இதைவிடக் கஷ்டம். ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும், துக்கம் வேறு, பந்தல் ஓரத்தில் பாட்டில் ஓடும், வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் படும். நெருங்கிய சொந்தமாக இருந்தால் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டி, பூ, வெளியூர்க்காரர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருவது என்று வண்டிச் சாவி கையில் இருக்கிற வேலையாகப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவனை யாரும் குடிக்கச் சொல்வதில்லை, அவர்களுக்கும் வீடு போய்ச் சேர வேண்டுமே.

சித்திரைத் திருவிழாவுக்கும் இதே உபாயம். எதிர்சேவை ராத்திரியில் கூட்டாளிகளோடு சும்மா சுற்றுவது ஆபத்து. நீர்மோர்ப் பந்தலில் டம்ளர் நீட்டும் பக்கம் நின்றுவிடுங்கள், அழகர் ஆற்றில் இறங்கும்வரை கை ஓயாது. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து வரும் நாட்களை முதல் வருஷம் டிவியில் பார்த்துக்கொள்ளலாம். மாடு அடுத்த வருஷமும் வரும்.

கூட்டம்

தனியாகச் சமாளிக்கிறவர்கள் உண்டு, ஆனால் குறைவு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. நம் ஊர்களில் பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ கூடுவார்கள். எந்த மதத்துக்காரரும் போகலாம். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம். குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும், அப்பா பேர், சாதி, ஊர் எதுவும் கேட்க மாட்டார்கள். முதல் நாள் பேசவும் வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். இணையத்தில் ஏஏ இந்தியா என்று தேடினால் இடமும் நேரமும் கிடைக்கும்.

"தெரிஞ்சவங்க யாராவது இருந்தா?" என்று கேட்பார்கள். இருப்பார்கள். அவர் அங்கே கேட்டரிங் வேலைக்கு வந்திருக்க மாட்டார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று பஸ்ஸிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் பொடியை வாங்கிக் குழம்பில் கலக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகும் அளவுக்கும் ஆகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். ஆகவே டாக்டர் எழுதிக் கொடுத்து, சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து அது. அதைச் சாப்பிடுகிறவர் அரிஷ்டம், சில இருமல் டானிக் போன்றவற்றையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது.

தினமும் வாயை மோந்து பார்க்காதீர்கள். குடிக்காதவனையும் அது கடைப் பக்கம் தள்ளும். தூக்கம் சில வாரத்துக்குச் சரியாக வராது, சிடுசிடுப்பு இருக்கும், குடித்த மாதிரி கனவு வந்து பதறி எழுவார். இதெல்லாம் வரும், போகும். சாப்பாடு நேரத்துக்கு இருந்தால் அதுவே பெரிய உதவி. குடிப்பவர் வீட்டாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் தனியாக உண்டு. அவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

குடிக்கும் பெண்களும் நம் ஊரில் இருக்கிறார்கள், மருத்துவம் ஒன்றுதான். வெட்கம் மட்டும் அவர்களுக்கு இரட்டிப்பாகச் சுமத்தப்படுகிறது. வீட்டில் ஒருவர் கூடத் துணைக்குப் போனால் ஆஸ்பத்திரி வாசல் அவ்வளவு தூரமாகத் தெரியாது.

மாலையைக் கழற்றும் நாளும் "ஒரு பீர்தானே"வும்

மாலை போடுவதை நான் கேலி செய்ய மாட்டேன். 41 நாள், 48 நாள் குடிக்காமல் இருந்து காட்டியிருக்கிறீர்கள். கருப்பு வேட்டியைப் பார்த்ததும் ஊரே "சாமி" என்று ஒதுங்கி வழிவிட்டது, யாரும் டம்ளரை நீட்டவில்லை. ஓட்டை எங்கே என்றால், மாலையைக் கழற்றுகிற அன்று அந்தப் பாதுகாப்பு மொத்தமாகக் கழன்றுவிடுகிறது. மலையிலிருந்து வரும் வேனிலேயே ஏற்பாடு நடக்கிறது. மாலையைக் கழற்றும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடமோ கூட்டத்து நண்பரிடமோ சொல்லி வையுங்கள். அன்று சாயங்காலம் அவரோடு இருங்கள். திரும்பும் வேனை மட்டும் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தாலும் தப்பில்லை.

இரண்டு, மூன்று மாதம் கழிந்ததும் முகம் தெளிந்துவிடும், கையில் காசு நிற்கும். அப்போது ஒரு நண்பர் வந்து, "சரக்கு வேண்டாம், ஒரு பீர்தானே" என்பார். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், எட்டு சதவீதம் என்று வைத்தால், சுமார் 40 கிராம் ஆல்கஹால். குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. உடம்புக்குப் பாட்டிலின் வடிவம் தெரியாது.

சரி, குடித்தே விட்டீர்கள் என்றால்? பாதியில் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். "போனது போச்சு, முழுசா முடிச்சிருவோம்" என்ற நினைப்புதான் ஒரு ராத்திரியை ஒரு மாதமாக்குகிறது. பழைய அளவு இப்போது உடம்புக்குத் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வண்டியை எடுக்காதீர்கள். டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர் என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை பெயரைச் சொல்லுங்கள். மறுநாள் காலை, முன்பே பேசி வைத்த அந்த ஆளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள். எந்த நேரம், எந்த இடம், கையில் எவ்வளவு காசு, யார் கூட, வயிற்றில் சாப்பாடு இருந்ததா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு வழியை மாற்ற அந்தக் காகிதம் தேவைப்படும்.